நகமும் கோப்பும்

"இந்த வயசுல உனக்கு நகத்துக்கு ஜெல் பாலிஷ் எதுக்கு?"

கேட்டவன் நான்தான். கேட்டது என் மனைவியிடம். அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். பேத்தி தன்னோடு பாட்டியையும் பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து வருஷமாகப் புளியும் மஞ்சளும் சபீனாவும் பட்ட விரல்கள் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளவென்று திரும்பி வந்தன. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்று வாரத்தில் நகம் வளர்ந்து அடியில் இடைவெளி தெரிந்தது. ஓரமும் லேசாகத் தூக்கிக்கொண்டது. சீரியல் பார்த்துக்கொண்டே நாலு விரலில் அதை ஸ்டிக்கர் மாதிரி உரித்துவிட்டாள். மிச்சத்தை எடுக்கப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் ஒரு மெஷினை வைத்து அஞ்சு நிமிஷத்தில் பத்து விரலையும் ராவி அனுப்பிவிட்டாள். நகம் காகிதம் போல ஆகிவிட்டது. அழுத்தினால் வளைந்தது. இரண்டு விரலில் பிறை போலச் சிவப்புக் கோடு. பூண்டு உரிக்க முடியவில்லை, காபி டம்ளரின் சூடு தாங்கவில்லை. அப்போதுதான் நான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

தோல் டாக்டரிடம் போனோம். பூஞ்சை இல்லை, ரத்தத்தில் குறையும் இல்லை என்று பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நகம் ஆறாதுங்க, வளரும். அவ்வளவுதான்."

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் திங்கட்கிழமை காலையில் வாத்தியார் "லெஸோங்க்ள்!" என்பார். இரண்டு கையையும் மேசை மேல் நீட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் ஸ்கேலால் ஒரு அடி. நகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அங்கே கற்றேன். வெளியே தெரியும் நகம் உயிரில்லாத கெட்டிப் பொருள் என்பதை எழுபதுக்கு மேல்தான் கற்றேன். உயிர் இருப்பது அடித்தோலுக்கு உள்ளே இருக்கும் வேரில். அது மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வெளியே தள்ளும். முழு நகமும் மாற ஆறு மாதம் பிடிக்கும், வயதானால் இன்னும் கொஞ்சம் கூடும். நகம் அரசாங்கக் கோப்பு மாதிரி. எத்தனை தடவை ஆள் விட்டுக் கேட்டாலும் தன் வேகத்தில்தான் நகரும். முப்பத்துநாலு வருஷம் கோப்பு நகர்த்தியவன் சொல்கிறேன், நம்பலாம்.

இனி அந்தப் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். சிவப்பும் வலியும் அடங்கியதும், இரண்டு மாதம் கழித்து, மறுபடியும் ஜெல் போட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை பேத்தி விசாரித்து வேறொரு பெண்ணிடம் கூட்டிப்போயிருந்தாள். நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தப் பெண் முதலில் நகத்தை ஒட்ட வெட்டி முனையை உருட்டினாள். மெஷினைத் தொடவே இல்லை. வளைந்துகொடுக்கும் ரப்பர் பேஸ் என்கிற ஜெல்லை மெல்லிசாக, தோலில் படாமல் பூசினாள். காரணமும் சொன்னாள்: மெலிந்த நகம் கதவில், பாத்திரத்தில் பட்டு நடுவிலேயே கிழிந்துவிடும். இந்தப் பூச்சு நகத்தை வேகமாக வளர்க்காது. வளர்கிற நகம் முனைவரை உடையாமல் வந்து சேர ஒரு சிம்பு மாதிரி தாங்கிப் பிடிக்கும்.

மூன்று வாரம் கழித்து எடுத்த விதம்தான் முக்கியம். மேல் பளபளப்பை மட்டும் லேசாகத் தேய்த்தாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி, கால் மணி நேரம் காத்திருந்தாள். தானாக இளகியதை மரக்குச்சியால் தள்ளினாள். வராததைச் சுரண்டாமல் திரும்பவும் சுற்றினாள். வீட்டில் ராத்திரி நகத்தைச் சுற்றி இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும்போது கையுறை. ஆடி மாதத்துக்குள் பழைய மெலிந்த பகுதி முழுவதும் வெட்டில் போய்விட்டது.

ஆகவே என் கருத்து இது. பெரும்பாலும் நகத்தைக் கெடுப்பது போடுவதல்ல, எடுப்பது. உரிக்கும்போது ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. பார்லருக்குப் போனால் "எவ்வளவு" என்று கேட்பதற்கு முன் "எப்படி எடுப்பீங்க" என்று கேளுங்கள். "அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெல் எல்லோருக்கும் ஆகும் என்று சொல்லவில்லை. நகம் சதையை விட்டுக் கழன்றிருந்தாலோ, சீழ், வலி, கறுப்புக் கோடு இருந்தாலோ மூடி மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விரலைச் சுற்றி அரித்தால் உடனே நிறுத்துங்கள். ஜெல்லில் உள்ள ஹெமா என்ற பொருளுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், அதே இனப் பொருட்கள் உள்ள பல் அடைப்பும் பிற்பாடு தொல்லை தரலாம். ஜெல்லைக் கெட்டியாக்க உதவும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. டப்பாவில் அது இல்லையா என்று பாருங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகம் வெறுமையாக இருப்பது நல்லது.

இன்னொன்று. நகம் வளர என்று பலர் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். அது தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தப்பாகக் காட்டவைக்கும், மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோப்போனின் பரிசோதனையையும் கூட. போடுகிறவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, என் கேள்விக்கு வருகிறேன். போன வாரம் பழைய ஆல்பங்களைப் புரட்டினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் என் மனைவியின் கை தெரியவில்லை. முந்தானைக்குள், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், மடியில் பைக்கு அடியில் இருக்கிறது. போன தை மாதக் கல்யாணப் படத்தில்தான் இரண்டு கையும் வெளியே இருக்கின்றன.

"எதுக்கு?" என்று கேட்டேனே, அதற்கு அவள் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அடுத்த மாதம் முறை வரும்போது ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விடுவதாக இருக்கிறேன்.