இறால் குளத்துச் சக்கரங்களும் மின்சாரச் செலவும்

நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் கடலோரத்தில் இறால் வளர்ப்போரிற் பலர், குளத்திலுள்ள ஏரேட்டர் சக்கரங்கள் யாவற்றையும் அல்லும் பகலும் நிறுத்தாது ஓட்டுவதே பத்திரமென்று கருதி வருகிறார்கள். ஓர் இரவு பிராணவாயு குறைந்தால் மூன்று மாதப் பாடும் விடிவதற்குள் பாழாகிவிடும். ஆகையால் அவர்களுடைய அச்சத்தைக் குறைகூற இடமில்லை. ஆயினும், சக்கரம் சுற்றும் நேரமெல்லாம் நீரிற் பிராணவாயு சேருவதாக எண்ணுவது பிழை.

30 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள நன்னீர், லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 7½ மில்லிகிராம் பிராணவாயுவையே ஏற்று நிற்கும். உப்புநீரில் இவ்வளவு இன்னும் குறையும். இந்த அளவுக்கு நீரில் எவ்வளவு குறைவிருக்கிறதோ, அதற்கேற்ற வேகத்திலேயே காற்றிலிருந்து பிராணவாயு கலக்கும். நன்னீர்க் கணக்குப்படி, விடியற்காலையில் 3 மில்லிகிராம் இருப்பின் குறைவு 4½. முற்பகலில் 6 இருப்பின் குறைவு 1½. ஒரே மின்சாரத்துக்கு விடியற்காலையில் மும்மடங்கு பயன் கிடைக்கிறதென்பது இதனாற் புலப்படும். நல்ல வெயிலுள்ள பிற்பகலிலோ, பாசி வெளியிடும் பிராணவாயு நீரின் அளவை மீறி நிற்பதுண்டு. அவ்வேளையில் சுற்றும் சக்கரம் அம்மிகுதியை வெளியே ஓட்டிவிடும். இதற்கும் கட்டணம் செலுத்துவானேன்?

ஒரு குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 0.9 யூனிட் செலவிடும். அத்தகைய எட்டுச் சக்கரங்களுள் ஐந்தைப் பகலில் 8 மணி நேரம் நிறுத்தினால், நாளொன்றுக்கு 36 யூனிட்டும், 100 நாளில் 3,600 யூனிட்டும் மிச்சமாகும். எல்லாவற்றையும் நிறுத்துவது தகாது. இறால் குளத்தின் அடியில் வாழ்வது. மேல்நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் அடிநீரில் இல்லாமற் போகலாம். ஆதலின் இரண்டு மூன்று சக்கரங்களேனும் ஓடி நீரைக் கலக்கிக் கழிவை நடுவில் ஒதுக்குவது அவசியம். மேகம் மூடிய நாளிலும், பாசி திடீரென மடிந்த நாளிலும் இச்சிக்கனம் அறவே கூடாது.

எப்போது நிறுத்தலாமென்பதை நீரின் நிறங்கண்டு சொல்ல முயல்வது வீண். பிராணவாயு மானியை அடிநீரில் இறக்கி, விடியற்காலை 4 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பார்த்து நோட்டில் குறித்துவர வேண்டும். அடிநீரில் 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவிடலாகாது. மற்றுமொரு சக்கரம் வாங்க முனைபவர் முதலில் மானியை வாங்குவதே முறை.

துடுப்புகள் நீரில் அளவுக்கு மீறி ஆழ்ந்திருத்தல், பலமுறை காயில் மாற்றிச் சுற்றிய மோட்டார், நெடுந்தூரம் இழுத்த மெல்லிய கம்பி ஆகியவையும் யூனிட்டை விழுங்கும். தின்னாது எஞ்சிய தீனி அழுகிப் பிராணவாயுவை உண்பதையும் மறக்கலாகாது. கரையில் தீனித் தட்டைத் தூக்கிப் பார்க்கச் சோம்பியவர் அதன் கூலியை மின்சாரக் கட்டணமாகக் கொடுக்கிறார்.

சிறு குளத்துக்காரர் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு மானி வாங்க, கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்து கொடுக்கலாம். ஆனால் வெண்புள்ளி நோய் ஒரு குளத்து நீரோடு அடுத்த குளத்துக்குச் செல்லக்கூடியதாகையால், கருவியின் முனையையும் கம்பியையும் ஒவ்வொரு குளத்துக்கும் நடுவே கிருமிநாசினியிட்டு நன்னீரிற் கழுவும் பொறுப்பை ஓர் ஆளிடம் ஒப்புவித்த பின்னரே அதனைச் சுற்றுக்கு விடவேண்டும்.