சேலம் நகராட்சியில் தொடங்கிய கணக்கு



நகராட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர் நம் கடை வாசலுக்கு வருகிறார். எழுந்து நின்று கும்பிடுகிறோம். கேட்ட நன்கொடையைக் கொடுத்துவிட்டு மறுபடியும் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம். "கவுன்சிலர்தானே, சாக்கடையும் தெருவிளக்கும் பார்க்கிறவர். அவரிடம் பேச என்ன இருக்கிறது?" என்பது நம் எண்ணம். சட்டமன்றத் தேர்தல் என்றால்தான் மனு எழுதுகிறோம், மாநாடு கூட்டுகிறோம். இந்த வழக்கம் நமக்கு நட்டத்தையே தந்திருக்கிறது. அதற்குப் பழைய கணக்கு ஒன்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1917ஆம் ஆண்டு சேலம் நகராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு வக்கீல் அமர்ந்தார். அவர்தான் ராஜாஜி. 1919 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ.வெ.ரா. அவர் வணிகக் குடும்பத்தில் பிறந்து, தாமே வணிகம் பார்த்தவர். இருவரும் நண்பர்கள். பிற்காலத்தில் வணிகர் ஆட்சிப் பதவியே வேண்டாம் என்று வேறு வழியில் போனார். வக்கீல் படிப்படியாக மேலே ஏறினார்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, தாம் நகராட்சித் தலைவராக இருந்த சேலத்தை உள்ளடக்கிய மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் விரித்தார். நல்ல காரியம்தான். ஆனால் கள், சாராய வருமானம் அன்றைய அரசுக்குப் பெரிய வரவு. அந்த வரவு போனால் செலவுக்கு எங்கே போவது? ஊர் நிர்வாகம் பார்த்துப் பழகியவர் அல்லவா? ஒரு வரவை அடைத்தால் இன்னொன்றைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் இந்தியாவில் சென்னைதான்.

அன்றைய வணிகர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வரி அரை சதவீதம்தான். ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்தால் வரியே இல்லை. 20,000 வரை மாதம் ஐந்து ரூபாய் கட்டினால் போதும். சிறு கடைக்காரனைப் பேரேட்டோடு அலைய விடாத ஏற்பாடு அது. கடைத்தெரு தெரிந்தவர் போட்ட வரி என்பது அதிலேயே தெரிகிறது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1939 அக்டோபர் கடைசியில் அந்த மந்திரிசபை பதவி விலகியது. யுத்த காலத்தில், ஆளுநர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரி நிற்கவில்லை. சுதந்திரத்தை ஒட்டி மதுவிலக்கு திரும்பி வந்து, 1971இல் தளர்த்தப்பட்டது. அப்போதும் வரி நிற்கவில்லை. 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. மது வருமானமும் உண்டு, அந்த வருமானம் போனதற்கு ஈடாக வந்த வரியும் உண்டு! 1959இல் புதிய விற்பனை வரிச் சட்டம், 2007 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறியதே தவிர, அன்று தொடங்கிய சுமை இறங்கவில்லை.

அதே ராஜாஜி 1952இல் மறுபடியும் முதலமைச்சராக வந்தார். அப்போது உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசி மண்டிகள் மூச்சு விட்டன. 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, பெர்மிட், லைசென்ஸ் ஆட்சியைக் கடைசி வரை கண்டித்தார். நமக்கு வரி போட்டதும் அவர், கட்டை அவிழ்த்ததும் அவர். மேலே ஏறுகிற மனிதர் நமக்கு எதிரியாகவோ நண்பராகவோ பிறப்பதில்லை. அவர் ஏறுவதற்கு முன் நாம் நம் கணக்கை அவருக்குப் புரிய வைத்தோமா என்பதே கேள்வி.

இந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. மு.க. ஸ்டாலின் 1996இல் சென்னை மேயர், 2006இல் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2009இல் துணை முதல்வர், 2021இல் முதலமைச்சர். எந்தக் கட்சியானாலும் இதுதான் பாடம். இன்று வார்டில் கும்பிட்டு வருகிறவர் நாளை வரிச் சட்டத்தில் கையெழுத்திடலாம்.

2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் சொத்துவரி உயர்வு வந்தது. மன்றங்களில் தீர்மானம் வைத்தார்கள். அதற்கு முன் தம் வார்டு கவுன்சிலரைப் பார்த்துப் பேசிய வணிகர் நம்மில் எத்தனை பேர்? கடைக் கதவைச் சாத்தி எதிர்ப்புக் காட்ட ஒரு நாள் ஒதுக்கும் நாம், மன்றக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை.

ஆகவே மூன்று யோசனைகள். ஒன்று: அடுத்த நகராட்சித் தேர்தலில் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைக்க வேண்டும். நகராட்சிக் கடை வாடகை, தொழில் உரிமம், சொத்துவரி, தொழில்வரி பற்றி எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இரண்டு: எந்த வரிக்கும் காரணம் சொல்லும்போது, காரணம் தீர்ந்தால் வரியும் தீருமா என்று கேட்க வேண்டும். 1939இல் கேட்டுச் சட்டத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டிய கேள்வி இது. மூன்று: நம்மில் விவரம் தெரிந்தவர்கள் கட்சி நிழலில் ஒதுங்காமல் தாங்களே வார்டில் நிற்க வேண்டும். ஈரோட்டில் வணிகர் ஒருவர் தலைவர் நாற்காலியில் அமர்ந்தது நூறு ஆண்டுக்கு முன்பே நடந்ததுதானே?

கோட்டை வாசலில் மனுவோடு காத்து நிற்பதைவிட, நம் வார்டு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது சுலபம். மாலை போடுவதற்கு முன் கணக்குக் கேட்போம்.