பிள்ளை வரைந்த பலகை பிள்ளைக்கே சொந்தமாக இருக்கட்டும்



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

எமது சனிக்கிழமை இலத்திரனியல் குழுவுக்கு நான்கு மடிக்கணினிகள் வாங்கித் தரப் பழைய மாணவர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கணினி வருவதற்கு முன்பே வட்ஸ்அப் குழுமத்தில் வாதம் வந்துவிட்டது. பிசிபி வரைய அவற்றில் எந்த மென்பொருளைப் போடுவது? பெரிய கம்பனிகள் பாவிக்கும் விலை கூடிய மென்பொருளொன்றின் 'கிரக்' பிரதி தன்னிடம் இருப்பதாகவும், தானே வந்து நான்கிலும் போட்டுத் தருவதாகவும் ஒரு சகோதரர் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நாம் வேண்டாம் என்றோம். ஏன் என்று குழுமத்தில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறோம். இவ்வருடம் அவர்கள் செய்வது மின் றபான். தட்டும் இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நாணயம் போன்ற பீசோ தகடு. தட்டினால் அதில் சிறு மின் துடிப்பு எழும். அந்தத் துடிப்பு ஓர் ஒப்-அம்ப், இரண்டு கொள்ளளவிகள், சில தடையிகள் கொண்ட சுற்றைத் தட்டி எழுப்ப, அது 'டும்' என்று ஒலித்து அடங்கும். 'பிரிட்ஜ்ட் டீ' என்று இதற்குப் பெயர். 1980இல் ரோலண்ட் கம்பனி வெளியிட்ட டிஆர்-808 என்ற புகழ்பெற்ற முரசுக் கருவியின் பெரிய முரசொலியும் இந்த வகைச் சுற்றிலிருந்துதான் வந்தது. கடைசியில் எல்எம்386 என்ற எட்டுக் கால் ஐசி ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். முழுவதும் ஒன்பது வோல்ட் பற்றரியில் ஓடும்.

இசை பற்றி எமது ஊரில் இரு கருத்துகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அதைத் தீர்ப்பது எமது வேலையல்ல, உலமாக்களின் வேலை. றபானைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அதுவும் விருப்பமில்லை என்ற பெற்றோரின் பிள்ளைகள் அதே பாகங்களில் வீட்டு அழைப்பு மணி செய்கிறார்கள். படிப்பு ஒன்றுதான்.

பிரெட்போட்டில் வயர் குத்திச் செய்தால் றபானைத் தட்டுகிற தட்டிலேயே வயர் கழன்றுவிடும். டொட் போட்டில் சோல்டர் பண்ணினால் பதினொரு பிள்ளைகள் பதினொரு விதமாகப் பிழை விடுவார்கள்; நாம் ஒவ்வொன்றாகத் தேடிக் களைத்துவிடுவோம். சரியாக வரைந்து அச்சிட்ட பலகை இருந்தால் பாகங்களைப் பொருத்துவதுதான் வேலை. அதற்குத்தான் இந்த மென்பொருள். முதலில் சுற்று வரைபடம், பிறகு ஒவ்வொரு பாகத்தின் கால் அடையாளம், பிறகு செப்புத் தடங்கள், இறுதியில் தொழிற்சாலைக்கு அனுப்பும் 'கேர்பர்' கோப்புகள்.

இனி, கிரக் ஏன் வேண்டாம்?

எமது தவறை முதலில் ஒப்புக்கொள்கிறோம். கடந்த வருடம் பாவித்த கணினியில் யாரோ போட்டிருந்த கிரக் மென்பொருள் ஒன்று இருந்தது. நாமும் கண்டும் காணாதது போல இருந்தோம். தரம் 11 மாணவர் ஒருவர் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து தன் பலகையை அதில் வரைந்து முடித்தார். விடுமுறை வந்தது. திரும்பி வந்து பார்த்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கிரக் கோப்பை அழித்துவிட்டிருந்தது. மென்பொருள் திறக்க மறுத்தது. மாணவரின் வேலை பென்டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தது. "கோப்பு இருக்கு சேர், திறக்கத்தான் ஒன்றும் இல்லை" என்றார். வீட்டுக் கணினியிலும் வழியில்லை. கொப்பியில் இருந்த பென்சில் படத்தைப் பார்த்து மீண்டும் முதலிலிருந்து வரைந்தார். அவர் முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. எமக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

காலைக் கூட்டத்தில் அமானிதம் பற்றிப் பேசிவிட்டு, பின்னேரம் பிறர் உழைப்பைத் திருடிய மென்பொருளைப் பிள்ளைக்குத் திறந்து கொடுப்பது என்ன நியாயம்? "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது எமது வகுப்பில் பரீட்சை பார்த்து எழுதிய பிள்ளை சொல்லும் பதில். அதை நாமே சொல்லக் கூடாது.

சரி, சட்டப்படி கிடைப்பவற்றுள் எது? நாம் நான்கைப் பார்த்தோம்.

முதலாவது ஈகிள். 1988இல் ஜேர்மனியில் தொடங்கியது. பொழுதுபோக்காக இலத்திரனியல் செய்பவர்கள் நீண்ட காலம் இதைத்தான் பாவித்தார்கள். 2016இல் ஓட்டோடெஸ்க் கம்பனி இதை வாங்கியது. 2017இல் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறை போய், சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7ஆம் திகதியுடன் ஈகிளை நிறுத்தப் போவதாக 2023இல் அந்தக் கம்பனியே அறிவித்தது. இது குற்றச்சாட்டு அல்ல; அவர்களுடைய பொருள், அவர்களுடைய முடிவு. ஆனால் முடிவுத் திகதி குறித்த மென்பொருளில் புதிதாக ஒரு பிள்ளையைத் தொடங்க வைக்கலாமா?

இரண்டாவது ஈஸி-ஈடிஏ. பெயருக்கு ஏற்ப இலகுவானது, காசும் இல்லை. பிரவுசரிலேயே வரையலாம். பலகை அச்சிடும் சீனத் தொழிற்சாலையோடும் உதிரிப்பாகக் கடையோடும் இணைந்திருப்பதால் வரைந்த கையோடு ஓடர் பண்ணலாம். அவசரமாக ஒரு பலகை வேண்டிய பெரியவருக்கு நாமும் இதையே சொல்வோம். பிள்ளைகளுக்கு இரண்டு தடைகள். ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறக்க வேண்டும், பிரவுசரில் வரைய இணையம் வேண்டும். டேட்டா முடிந்த வீட்டில் பிள்ளையின் வேலையும் நின்றுவிடும். வரைந்தவை வேறொருவரின் சேர்வரில் கிடப்பதும் மனதுக்கு அவ்வளவு உவப்பாக இல்லை.

மூன்றாவது பிரிட்சிங். பிரெட்போட்டை உள்ளபடி படமாக வரைந்து காட்டும். தரம் 8 பிள்ளைக்கு "இந்த வயர் இங்கே" என்று காட்ட இதைவிட நல்லது இல்லை. சிறு தொகை செலுத்தித்தான் தரவிறக்க வேண்டும். ஆனால் பொட், ஜக், ஸ்பீக்கர் எல்லாம் வந்து பலகை சற்றுப் பெரிதானால் கை கொடுக்காது.

நான்காவது கிகேட். 1992இல் பிரான்சில் ஜான்-பியேர் ஷராஸ் என்ற கல்லூரி ஆசிரியர் தொடங்கியது. எம்மைப் போல ஓர் ஆசிரியர் என்பதில் எமக்குச் சிறு பெருமையும் உண்டு. 2013 முதல் ஜெனீவாவிலுள்ள சேர்ன் அணு ஆய்வு நிலையத்தின் பொறியியலாளர்களும் இதை வளர்க்கக் கை கொடுத்தார்கள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு இல்லை. பலகை அளவுக்கு நடைமுறையில் வரம்பு இல்லை. ஒருமுறை போட்டுவிட்டால் இணையமும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அதன் உரிமமே அனுமதிக்கிறது. ஒரு பென்டிரைவில் ஊர் முழுவதற்கும் கொடுக்கலாம், ஹலாலாக.

எமது தெரிவு கிகேட்.

குறைகளை மறைக்கவில்லை. தரவிறக்கம் ஒரு கிகாபைட்டைத் தாண்டும். புதிய பதிப்புகள் பழைய விண்டோஸ் 7இல் ஓடாது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. எனவே பாடசாலையிலும் வீட்டிலும் எல்லோரும் ஒரே பதிப்பையே பாவிக்க வேண்டும். படத்திலுள்ள குறியீடு வேறு, பலகையிலுள்ள கால் அடையாளம் வேறு, இரண்டையும் நாமே சோடி சேர்க்க வேண்டும் என்பது முதல் இரண்டு வாரமும் பிள்ளைகளைக் குழப்பும். தடங்களைத் தானாகவே போட்டுத் தரும் வசதியும் உள்ளே இல்லை. இதை மட்டும் நாம் குறையாகப் பார்க்கவில்லை. தடம் எங்கே போகிறது என்று யோசிப்பதுதான் படிப்பு.

ஒரு உதாரணம். எமது பிள்ளைகளின் முதல் பலகையில் றபான் 'டும்' என்று அடங்காமல் ஊளையிட்டது. ஸ்பீக்கருக்குப் போன பெரிய மின்னோட்டம், பீசோ தகட்டின் சின்னஞ்சிறு சமிக்ஞை வரும் அதே ஒடுங்கிய தரைத் தடத்தால் திரும்பி வந்ததே காரணம். வரைபடத்தில் இரண்டும் ஒரே தரைதான், செம்பில் ஒன்றல்ல. இரண்டு தடங்களையும் பிரித்து, பற்றரி முனையில் மட்டும் சேர்த்தார்கள். ஐசியின் மின் வழங்கற் காலுக்குப் பக்கத்திலேயே 100 நனோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்தார்கள். ஊளை நின்றது. ஒலிச் சுற்று வரைபவருக்கு இது முதற் பாடம். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சொல்லித் தராது.

"கம்பனிகளில் அல்டியம்தானே கேட்கிறார்கள்? பிள்ளைக்கு நாளை வேலை வேண்டாமா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அல்டியம் தொழில்துறையில் பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை கற்பது பொத்தான்கள் இருக்கும் இடத்தையல்ல. வரைபடத்தைச் சரியாக வாசிப்பது, பாகத்தின் அளவைத் தரவுத்தாளில் பார்ப்பது, தடத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது, பிழை சோதனையை ஓட்டி ஒவ்வொரு பிழையையும் தீர்ப்பது ஆகியவற்றைத்தான். சைக்கிள் ஓடத் தெரிந்தவருக்கு எந்த மார்க் சைக்கிளும் சைக்கிள்தான். நாளை ஒரு கம்பனி பணம் கட்டி வாங்கிய அல்டியத்தைக் கொடுத்தால் பிள்ளை அதில் உட்காரட்டும். சந்தோஷம்.

இசைக் கருவி செய்ய விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. பிரான்சில் எமிலி ஜிலே என்ற பொறியியலாளர் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் இசைத் தொகுதிகள் செய்து விற்றார். அவற்றின் வரைபடங்களையும் பலகைக் கோப்புகளையும் உலகுக்குத் திறந்து வைத்தார். 2022இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனாலும் அந்தக் கோப்புகளை வைத்து இன்றும் பலர் கருவிகள் செய்கிறார்கள். கடை மூடினாலும் கருவி சாகவில்லை. அவை ஈகிளில் வரையப்பட்டவை. கிகேட் ஈகிள் கோப்புகளை உள்வாங்கும். எனவே எமது பிள்ளையும் அவற்றைத் திறந்து, கெட்டிக்காரர் ஒருவர் தடம் போட்ட விதத்தை அருகிலிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

இது எமக்குப் புதிய வழக்கமும் அல்ல. அல்-ஜஸரீ 1206இல் முடித்த இயந்திர நூலில், தண்ணீரின் விசையால் முரசறையும் பாவைகள் கொண்ட படகு ஒன்று இருக்கிறது. அவர் அதைச் செய்ததோடு நிற்கவில்லை. பின்னால் வருபவர் பார்த்துச் செய்யும்படி பாகம் பாகமாக வரைந்து, எப்படிப் பொருத்துவது என்றும் எழுதி வைத்தார். எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1974இல் அந்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்த டொனால்ட் ஹில்லும் ஒரு பொறியியலாளர்தான். வரைபடத்தைப் பிறர் திறக்க முடிந்ததால்தான் அந்த அறிவு எம்மிடம் வந்து சேர்ந்தது.

இப்போது வேலைக்கு வருவோம். நான்கு கணினிகளிலும் கிகேட் ஒரே பதிப்பாகப் போடப்படும். வீட்டுக்கும் வேண்டும் என்பவர்கள் பென்டிரைவோடு சனிக்கிழமை வாருங்கள்.

பலகை அச்சிடுவது பற்றி. கேர்பர் கோப்பை எந்தத் தொழிற்சாலையும் ஏற்கும். ஒரு கடையில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. 100 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் வரைந்தால் சீனத் தொழிற்சாலைகளில் ஐந்து பலகைகளைச் சில டொலருக்கே செய்யலாம். தபாற் செலவுதான் பலகையை விடக் கூடும். ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே அனுப்பாமல் எல்லோருடையதையும் சேர்த்து ஒரே ஓடராக அனுப்புவோம்.

அனுப்பும் முன் ஒரு கட்டாய விதி. பலகையைக் கடதாசியில் உண்மை அளவில் அச்சிட்டு, புறக்கோட்டையில் வாங்கி வந்த பொட்டையும் ஜக்கையும் அதன்மேல் குத்திப் பார்க்க வேண்டும். முதல் முறை நாம் அதைச் செய்யவில்லை. ஐந்து பலகையிலும் வொலியூம் பொட்டின் கால்கள் துளைக்குள் போகவில்லை. ஒரு கடதாசியின் விலை எவ்வளவு, ஐந்து பலகையின் விலை எவ்வளவு?

அந்தச் சகோதரருக்கு: உங்கள் மனதை நோகடிக்க எழுதவில்லை. கிரக் பிரதியை விட்டுவிட்டு நீங்களே வாருங்கள். பலகை வரைந்து அனுபவப்பட்ட உங்களைப் போன்ற ஒருவர் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளோடு உட்கார்ந்தால், எந்த மென்பொருளும் தராத ஒன்று அவர்களுக்குக் கிடைக்கும்.

அந்த தரம் 11 மாணவர் இப்போது உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறார். தன் றபான் பலகையைக் கிகேட்டில் மூன்றாவது முறையாக வரைந்து முடித்துவிட்டார். பத்து வருடம் கழித்து, எந்த ஊரில் இருந்தாலும், எவரிடமும் அனுமதி கேட்காமல் அவர் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கொமென்டில் எழுதுங்கள், வாசிக்கிறோம். இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை பின்னேரம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.