உள்நோக்கிக் கருவி: மறுபயன்பாடா, ஒருமுறைப் பயன்பாடா? செலவை அறிந்துகொள்வோம்

"பிறருக்குப் பயன்படுத்திய கருவியையே எனக்கும் பயன்படுத்துவார்களா? கூடுதல் கட்டணம் செலுத்திப் புதியதைக் கேட்கலாமா?" எண்டோஸ்கோப்பி பரிசோதனைக்கு வருவோர் பலர் கேட்கும் வினா இது.

இந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. பித்தநாளச் சிகிச்சைக்கான டியோடெனோஸ்கோப் கருவியின் நுனியில் உள்ள நுண்ணிய இடுக்குகளில் கிருமிகள் தங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் இவ்வழியே மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பரவியது 2015-ஆம் ஆண்டில் பெரிதும் கவனத்திற்கு வந்தது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நுனிப்பகுதியையேனும் மாற்றத்தக்க கருவிகளுக்கு மாறுமாறு 2019-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், முழுவதும் ஒருமுறை மட்டுமே பயன்படும் டியோடெனோஸ்கோப்புக்கு அனுமதியும் வழங்கியது.

செலவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

எடுத்துக்காட்டாக, மறுபயன்பாட்டுக் கருவியின் விலை 15 லட்சம் ரூபாய் எனவும், அது 5 ஆண்டுகள் உழைக்கும் எனவும் கொள்வோம். ஆண்டுக்கு 300 பேருக்குப் பயன்படுத்தினால், ஒருவருக்கான கருவிச் செலவு 1,000 ரூபாய். 30 பேருக்கு மட்டும் என்றால் 10,000 ரூபாய். இத்துடன் தூரிகையால் தேய்த்துக் கழுவுதல், கசிவுச் சோதனை, கிருமிநீக்கம், உலர்த்துதல், பழுதுநீக்கம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றின் செலவும் சேரும். ஒருமுறைக் கருவிக்கு இவை தேவையில்லை. ஆயினும் ஒவ்வொரு நோயாளிக்கும் முழு விலையையும் செலுத்த வேண்டும். கழிவும் பெருகும்.

எனவே, நோயாளிகள் மிகுந்த மருத்துவமனைகளில் மறுபயன்பாட்டுக் கருவியே பெரும்பாலும் சிக்கனமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் மூச்சுக்குழாயைப் பரிசோதிக்க நேரும்போதும், தொற்று பரவும் வாய்ப்பு மிகும்போதும், உடனடியாகச் சுத்திகரிக்க வசதி இல்லாதபோதும் ஒருமுறைக் கருவி பொருத்தமாகலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

• எனக்குப் பயன்படுத்தப்படும் கருவி எவ்வகையைச் சேர்ந்தது?
• மறுபயன்பாட்டுக் கருவி எனில், கிருமிநீக்கம் செய்ததற்கான பதிவேடு பராமரிக்கப்படுகிறதா?
• ஒருமுறைக் கருவிக்குக் கட்டணம் பெற்றால், அதன் உறை எனக்காகவே புதிதாகப் பிரிக்கப்படுமா? காப்பீட்டுத் திட்டம் அச்செலவை ஏற்குமா?

ஒருமுறைக் கருவியைக் கழுவி மற்றொருவருக்குப் பயன்படுத்துவது தவறு. முறையாகச் சுத்திகரிக்கப்பட்ட மறுபயன்பாட்டுக் கருவியால் தொற்று ஏற்படுவது அரிது. ஆகவே அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நோயைக் காலம் தாழ்த்திக் கண்டறிவதே பெரும் இழப்பு. பரிசோதனைக்குப் பின் காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனையை அணுகுங்கள்.