செப்புக் காசில் நம் ஊர்ப் பெயர்

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. நான் பழைய காசு சேர்ப்பவன் என்று தெருவுக்கே தெரியும். அதனால் அரிசி, பருப்பு வாங்க வருகிறவர்கள் ஒரு கேள்வியையும் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். "அண்ணே, டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டு பத்து லட்சத்துக்குப் போகுதாமே?" "வைஷ்ணவ தேவி பத்து ரூபா காயின் ரெண்டு இருக்கு, யாருகிட்ட குடுக்கலாம்?" "786 நம்பர் நோட்டுக்கு துபாய்ல ஆள் இருக்காங்களாமே?"

எல்லோருக்கும் ஒரே பதில்தான். அரசு மூட்டை மூட்டையாக அடித்துப் புழக்கத்தில் விட்ட காசுக்கு லட்சக்கணக்கில் விலை வராது. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரில் கமிஷனும் வரியும் கேட்கிற கும்பல்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வேடிக்கை என்னவென்றால், வைஷ்ணவ தேவி காயினை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைக்கிற அதே ஆள், நான் சில்லறையாக ஒரு சாதாரணப் பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால், "இது செல்லாதுண்ணே, நோட்டா குடுங்க" என்பார். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பேச்சு ஓய்வதாகத் தெரியவில்லை.

2016 நவம்பர் 8 இரவு, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் நேரம். முதல்வராக இருந்த நாராயணசாமி வேட்பாளர். நவம்பர் 19 வாக்குப்பதிவு. பிரச்சார ஒலிபெருக்கிக்கு நடுவே வங்கி வாசல்களில் வரிசை நின்றது. அப்போது ஆயிரம் ரூபாய்த் தாளை "பின்னால் விலை போகும்" என்று பத்திரப்படுத்தியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017-ல் வந்த சட்டப்படி அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் இருபத்தைந்து வரை. அவற்றுக்குப் பெரிய விலை நம் காலத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சேர்க்க வேண்டிய காசு வேறு. அது நம் ஊரிலேயே அடித்தது, நம் எழுத்தில் நம் ஊர்ப் பெயரைச் சுமப்பது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வெள்ளியில் டெல்லி, செம்பில் புதுச்சேரி

கனத்த சிறு செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரெஞ்சு அரச குலத்தின் லில்லிப்பூ. மறுபக்கம் வரி வரியாகத் தமிழில் ‘புதுச்சேரி’, அந்தக் கால வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல். பிரெஞ்சு ஏடுகளில் இதன் பெயர் டூடு. நம் ஆட்களுக்குத் துட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிக்கத் தொடங்கி, நீண்ட காலம் இந்த அச்சே ஓடியது. செப்புத் துண்டை வைத்துக் கையால் சுத்தியல் அடித்து எடுத்த காசு என்பதால் வட்டம் சரியாக இருக்காது. அச்சு பெரிது, துண்டு சிறிது. ஒன்றில் ‘புது’ முழுதாக விழுந்து ‘ரி’ பாதியில் நிற்கும். இன்னொன்றில் பூவின் ஓர் இதழ் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பதே இதைச் சேர்ப்பதில் உள்ள பெரிய சுகம்.

இதே ஊரில் வெள்ளி ரூபாயும் அடித்தார்கள். ஆளுநர் துமா காலத்தில், 1736-ல், ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த ரூபாயில் பிரெஞ்சு எழுத்து கிடையாது, தமிழும் கிடையாது. டெல்லி பாதுஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. சென்னையில் ஆங்கிலேயர் அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை.

ஏன் இப்படி? வெள்ளி ரூபாய் பெரிய வியாபாரிக்கும், துணி கொள்முதலுக்கும், சிப்பாய் சம்பளத்துக்கும் போவது. ஆற்காட்டு நவாபின் எல்லைக்குள் செல்ல வேண்டுமானால் பாதுஷா பெயர் இருந்தாக வேண்டும். செப்புக் காசு கீரைக்காரியிடமும் கள்ளுக்கடையிலும் புழங்குவது. அதை வாங்குகிற ஆள் நம்ப வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த எழுத்து அதில் இருக்க வேண்டும். தமிழ்ப்பற்றினால் கம்பெனி தமிழ் பொறிக்கவில்லை. கடைத்தெரு கேட்டது, பொறித்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இது எனக்கு உடனே விளங்குகிறது. வெள்ளிக்காசு ஆள்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. செப்புக்காசு நம் பாட்டன் பூட்டனிடம் பேசியது.

பூ போய் சேவல் வந்தது

இந்தக் காசில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1793-ல் ஆங்கிலேயர் பிடித்த புதுச்சேரி, 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தது. 1830 ஜூலையில் பாரீசில் புரட்சி வெடித்து பூர்போன் அரசர் பத்தாம் சார்லஸ் முடியிழந்தார். லூயி பிலிப் அரசரானார். லில்லிப்பூ பழைய பரம்பரையின் சின்னம். அது போய் சேவல் வந்தது. 1836 என்று ஆண்டு பொறித்த புதுச்சேரிக் காசில் சேவல் நிற்கிறது. மறுபக்கம் அதே தமிழ் ‘புதுச்சேரி’. பாரீசில் நடந்த ஆட்சி மாற்றம் நெல்லித்தோப்புக் கிழவியின் சுருக்குப்பை வரை வந்து சேர்ந்திருக்கிறது. பூக் காசு ஒன்றும் சேவல் காசு ஒன்றும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வரலாற்றில் ஒரு பாடமே நடத்தலாம்.

அடித்தல் நின்ற பிறகும் கணக்கு நிற்கவில்லை. எங்கள் ஆயா கடைசி வரை பணக் கணக்கில்தான் பேசினார்: இருபத்து நான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளும் இதே கணக்கில்தான் வந்தன. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியதோடு அந்தப் பேச்சும் தேய்ந்துபோனது.

புதுச்சேரியோடு இது முடியவில்லை. காரைக்கால் காசில் ஒரு பக்கம் ‘காரைக்கால்’, மறுபக்கம் ‘புதுச்சேரி’, இரண்டுமே தமிழில். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் அடித்த செம்பில் ஒரு பக்கம் தெய்வ உருவம், மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயர். டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடியில் அவர்கள் அரசரின் பெயரெழுத்துகளைப் பின்னிப் பொறித்த குட்டிக் காசுகள். 1807-ஐ ஒட்டிய சென்னை மாகாணச் செம்பில் தமிழும் தெலுங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் இவ்வளவும் அடித்திருக்கிறார்கள். முழு இந்தியாவையும் சேர்க்கிறேன் என்று கிளம்பிப் பாதியில் விடுவதைவிட, இந்த ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு ஆயுளுக்குப் போதும்.

அமெரிக்கர்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1864 முதல் 1873 வரை மட்டும் இரண்டு சென்ட் காசு அடித்தார்கள். ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற அவர்களுடைய புகழ்பெற்ற வாசகம் முதலில் ஏறிய நாணயம் அதுதான். ஆனாலும் வெள்ளி டாலரையும் தங்கக் கழுகையும் துரத்துகிற கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சின்னக் காசுக்கு மதிப்பில்லை என்பது அங்கேயும் உள்ள வியாதிதான்.

மருந்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள் வீதம், ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி உருவம் போட்டு கால் டாலர் நாணயம் வெளியிட்டார்கள். பிள்ளைகள் அட்டையில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் அதில் ஒரு தொகுப்பை எனக்குக் கொண்டு வந்து கொடுத்தான். "என் மாநிலத்துக் காசு எது?" என்ற ஒரே கேள்விதான் அத்தனை பேரையும் சேர்ப்பவர்களாக்கியது. அவர்கள் ஊர்ப் பெயர் போட்ட காசைப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது; காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி விரித்திருப்பவரின் செப்புக் குவியலில் கிடக்கிறது.

ஏன் மதிப்பில்லை? செம்பு, சிறியது, ராஜா தலை இல்லை, தேய்ந்தது. நாணய ஆல்பத்தில் விக்டோரியா ராணி பளபளப்பதுபோல இது பளபளக்காது. நமக்கு அது நல்லதுதான். ஓரளவு எழுத்து தெரிகிற லில்லிக் காசு ஒன்றை, இரண்டு பேர் ஓட்டலில் பிரியாணி சாப்பிடுகிற செலவுக்குள் நான் வாங்கியிருக்கிறேன். சேவல் காசு அரிது, விலையும் கூடுதல்.

சேர்க்கத் தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். போன ஆடியில் ஓர் அம்மா, தன் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததென்று ஒரு கைப்பிடி காசு கொண்டு வந்தார். சாமி விளக்கு மாதிரி மின்னியது. பூவுமில்லை, எழுத்துமில்லை, வெறும் செப்பு வில்லை. அந்தக் கரும்பழுப்பு நிறம்தான் காசுக்குக் காப்பு. மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தால் போதும். பிவிசி உறை உள்ள மலிவு ஆல்பத்தில் போட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். காகித உறையே மேல்.

ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று ஆண்டு பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி காசு’ கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று யாராவது வந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பாரீசில் இருக்கிற மச்சான் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். செயின்ட் லூயி தெரு அருங்காட்சியகத்தில் இந்த ஒரு செப்புக் காசுக்கு மட்டும் தனிப் பேழை வையுங்கள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அதன் பெரிய படம், தமிழில் விளக்கம். பூக் காசின் நகல் ஒன்றை அடித்து, வருகிற பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சுற்றுலாப் பயணிக்கு விற்க பிரெஞ்சுக்கார வீட்டுப் பொம்மைகளைவிட இது நல்ல சரக்கு.

வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். வீட்டுப் பரணில், தைல டப்பாவில், சாமி அறை உண்டியலில் கருத்துப்போன செப்புக் காசு கிடந்தால், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் முன் வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒரு முறை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ‘புதுச்சேரி’ என்று தெரிந்தால் விற்காதீர்கள். எந்தத் தேதியில், யார் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். லட்சம் தராது, ஆனால் டிராக்டர் நோட்டைவிட நூறு மடங்கு மதிப்புள்ளது.