பரணில் கிடக்கும் கேசட்டுகள்

போன மாதம் பாரீசிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, வீட்டைக் காலி செய்யவேண்டி இருந்தது. அப்பாவோட கேசட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமும் வரவில்லை.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளிலேயே மேல்நாட்டுச் சங்கீதத்தில் மோகம். ருஷ்யர்கள் என்றால் உயிர். ஃபிரான்ஸ் முசிக் வானொலியில் நேரடிக் கச்சேரி என்றால் ரெக்கார்டர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி சுமார் 75 நிமிடம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். மூன்றாம் பகுதியின் நடுவே திருப்பிப் போடவேண்டும். சில விநாடி போய்விடும். "போனது போகட்டும்டா, மிச்சம் இருக்கே" என்பார்.

கடையில் சிடி கிடைக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் தப்பாக வாசித்தால் மறுபடி வாசிக்கலாம். கச்சேரி அப்படியல்ல, அந்த ஒரு மாலைதான். 1968 ஆகஸ்ட் 21 அன்று லண்டன் ஆல்பர்ட் ஹாலில் சோவியத் அரசு இசைக்குழு வாசித்தது. அன்றுதான் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்திருந்தன. ரோஸ்த்ரபோவிச் செலோவில் வாசித்தது செக் நாட்டு த்வோர்ஷாக்கின் கான்செர்ட்டோ. பிறகு ஷோஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பொனி. அரங்கில் எழுந்த எதிர்ப்புக் கூச்சல் அந்தப் பதிவில் இன்றும் கேட்கிறது. அதை எந்த ஸ்டூடியோவில் எடுக்கமுடியும்?

ரக்மானினவ் தன் கச்சேரிகளை வானொலியில் ஒலிபரப்பச் சம்மதிக்காதவர். அதனால் அவர் மேடையில் வாசித்ததைக் கேட்க நமக்கு அநேகமாக வழியில்லை. 1940ல் தன் 'சிம்பொனிக் டான்ஸஸ்' படைப்பை நடத்துநர் ஆர்மண்டிக்குப் பியானோவில் வாசித்துக் காட்டினார். அப்போது எடுத்த தனிப்பதிவு 2018ல்தான் வெளிவந்தது. யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் வந்தது.

வானொலி நிலையங்களே எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. பி.பி.சி. எத்தனையோ டேப்புகளை அழித்துவிட்டு, அதன்மேலேயே வேறு பதிவு செய்தது. ஆனால் லிரிட்டா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் இட்டர், 1952 முதல் 1996 வரை பி.பி.சி. ஒலிபரப்புகளைத் தன் வீட்டிலேயே பதிவு செய்தார். 1,500 உருப்படிகளுக்கு மேல். இப்போது அவற்றிலிருந்து சிடிகள் வருகின்றன.

இது திருட்டு இல்லையா என்பார்கள். விற்றால் திருட்டுதான். வீட்டில் கேட்பதற்கென்று பதிவு செய்தவரைப் பிரெஞ்சுச் சட்டம் திருடன் என்று சொல்லவில்லை. 1985ல் வெற்று கேசட்டின் மேலேயே ஒரு தொகை வசூலித்துக் கலைஞர்களுக்குச் சேரும்படி வழி செய்தது. அண்ணன் வாங்கிய ஒவ்வொரு கேசட்டிலும் அந்தக் காசு போயிருக்கும். நியாயமான ஏற்பாடு.

குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: தேதியில்லாத காகிதம் கோப்பில் இருந்தும் பயனில்லை. உங்கள் பரணில் கேசட் இருந்தால், தேதி, நிலையம், வாசித்தவர் பெயர், தெரிந்தவரை எழுதி ஒட்டுங்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள். தூக்கிப் போடுவது பிறகு இருக்கட்டும்.

அண்ணன் விஷயத்தில் இதை ஒரு வருஷம் முன்னால் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.