செவ்வாய் இழந்த காற்று

எவரோடும் உறவு கொள்ளாதவனிடம் செய்தி எதுவும் கிடைக்காது என்று நாம் எண்ணுவதுண்டு. இரசாயன உலகில் நிலைமை வேறு. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக ஆகன் என்னும் வாயு கலந்துள்ளது. 1894ஆம் ஆண்டில் இறேலிப் பிரபுவும் இராம்சேயும் இதனைக் கண்டறிந்தபோது, எதனோடும் சேராத அதன் இயல்பு கருதி, கிரேக்க மொழியில் ‘சோம்பலுடையது’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். அச்சோம்பல் வாயுவே இன்று செவ்வாய்க் கிரகத்தின் பழங்கதையை நமக்கு உரைக்கின்றது.

செவ்வாயில் ஒருகாலத்தில் நீரோடிய ஆற்றுப் படுகைகள் வறண்டு கிடக்கின்றன. இன்றோ, அங்குள்ள வளியின் அமுக்கம் பூமியினதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. இத்துணை மெல்லிய வளியின்கீழ் ஆறுகள் நிலைத்து ஓடுதல் இயலாது. எனவே முன்னாளில் அங்கு வளி அடர்ந்திருத்தல் வேண்டும். அது எங்கே போயிற்று?

காபனீரொட்சைட்டைக் கொண்டு மட்டும் இதற்கு விடை காணல் அரிது. அது பாறையோடு சேரும். துருவத்திலே பனியாக உறையும். ஆகனோ பாறையோடு சேர்வதுமில்லை, செவ்வாயின் குளிரில் உறைவதுமில்லை. அது குறைந்திருப்பின் விண்வெளிக்கே சென்றிருத்தல் வேண்டும்.

குறைந்தது என்பதை அறிவது எங்ஙனம்? ஆகனின் சமதானிகளுள் 36, 38 என்னும் திணிவெண்ணுடைய இரண்டினை நோக்குவோம். இரண்டும் கிரகம் தோன்றிய நாள் முதலே உள்ளவை. குணத்தில் ஒன்றே, பாரத்தில் மட்டும் வேறு. நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு போக, மணி அடியிலே தங்குகின்றது. அவ்வாறே இலேசான 36 வளிமண்டலத்தின் உச்சியில் மிகுந்து நின்று முதலில் வெளியேற, பாரமான 38 பின்தங்குகின்றது.

தூற்றும் காற்று சூரியனிலிருந்து வருகின்றது. செவ்வாய் தன் முழுமையான காந்தப் புலத்தைப் பண்டே இழந்துவிட்டது. அதனால் சூரியக் காற்றில் அகப்பட்ட அயன்கள் மேல்வளியில் வந்து மோதி, கரம் பலகையில் ஒரு காய் மற்றொன்றைத் தள்ளுவதுபோல், ஆகன் அணுக்களை வெளியே தள்ளுகின்றன.

சூரியனில் 38இன் ஒரு பங்கிற்கு 36 ஏறத்தாழ 5.5 பங்கு உண்டு, பூமியில் 5.3. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தியின் திணிவு நிறமாலைமானி, 2013இல் அங்கு கண்டது 4.2 மட்டுமே. பதர் பறந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பின்னர், 2014இல் செவ்வாயை அடைந்த மாவென் விண்கலம், உயரத்தோடு இவ்விகிதம் மாறுவதை அளந்தது. இரு அளவுகளையும் இணைத்துக் கணித்த அறிஞர்கள், வளியிலிருந்த ஆகனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்ணில் கலந்துவிட்டதென 2017இல் அறிவித்தனர். ஆகன் சென்ற வழியே காபனீரொட்சைட்டிலும் பெரும் பகுதி சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிவு.

மாணவர்கள் ஒன்றை மனங்கொள்க. காற்றிலிருந்து பெற்ற நைதரசன், இரசாயனப் பொருள்களிலிருந்து பெற்றதைவிட இருநூறில் ஒரு பங்களவே பாரமாயிருந்தது. அச்சிறு வேறுபாட்டை இறேலி பிழையென்று தள்ளாமையாலேயே ஆகன் வெளிப்பட்டது. 5.3 எங்கே, 4.2 எங்கே என்று கேட்டவர்களுக்கு, ஒரு கிரகம் வறண்ட கதையே வெளிப்பட்டது.